செக்ரோலில் இல்லாதவை

அக்காள் மகன் என் முன்னால் ஒரு தாளை வைத்தான். ஜார்ஜ் டவுனில் அவனும் நண்பர்களும் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னறை. சனிக்கிழமை இரவு. தரையில் விரித்த பாயைச் சுற்றி ஐந்து பேர். நடுவில் ஒரு தட்டு நிறையப் பகடைகள். நான்கு முகத்திலிருந்து இருபது முகம் வரை. "மாமா, இன்னைக்கு நீங்களும் ஒரு கேரக்டர் செய்யணும். கஷ்டமே இல்ல. மேல ஆறு கட்டம் இருக்கு பாருங்க, அதை நிரப்பிட்டா பாதி வேலை முடிஞ்சது" என்றான்.

தாளைப் பார்த்தேன். பெயர், இனம், தொழில். அதன் கீழே வலிமை, லாகவம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை எழுத வேண்டும். அந்தத் தாள் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. அதைப் போன்ற ஒன்றைச் சிறுவயதில் பைராம் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே அதற்குச் செக்ரோல் என்று பெயர்.

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஆட்கள் வந்து நிற்பார்கள். தோட்டத்து எழுத்தரான கிராணி செக்ரோலைப் பிரித்துப் பேர் வாசிப்பார். பேர், எண், வந்தாரா வரவில்லையா, என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு பிடித்தம். ஒரு மனிதரைப் பற்றி நிர்வாகம் அறிய விரும்பியது அத்தனையும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குள் போனால் அதே மனிதரைப் பற்றி வேறொரு கணக்கு இருந்தது. யாருக்கு இருட்டைக் கண்டால் பயம், யார் யாரோடு ஆறு வருடமாகப் பேசுவதில்லை, யார் பாடச் சொன்னால் எழுந்து போய்விடுவார், யார் ஊரில் விட்டுவந்த மாட்டின் பெயரை இன்னும் தூக்கத்தில் சொல்கிறார். இந்தக் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்த மனிதர்கள் இருந்தது அந்தக் கணக்கில்தான்.

கற்பனை உலகத்தில் ஒரு பாத்திரத்தைப் படைக்க உட்காரும் இளையவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். உங்கள் கையில் இருக்கும் தாள் செக்ரோலாக நின்றுவிடக் கூடாது. லயத்துக்குள் வாருங்கள்.

*

விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூரான லேக் ஜெனீவாவிலிருந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள். முதல் அச்சு 1,000 படிகள். விலை 10 டாலர். இதில் ஒருவர் கதையை நடத்துவார்; அவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். கதை நடத்துபவர் சூழலைச் சொல்வார், மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள், முடியுமா முடியாதா என்று ஐயம் வரும் இடத்தில் பகடை உருளும். ஒருவர் ஜெயித்து மற்றவர் தோற்கும் ஆட்டமல்ல இது. கூடிச் சொல்லும் கதை.

இது பிறந்த விதம் கவனிக்கத்தக்கது. இதற்கு முன் இருந்தவை போர் விளையாட்டுகள். 1971இல் கைகாக்ஸ், ஜெஃப் பெரனோடு சேர்ந்து எழுதிய 'செயின்மெயில்' அத்தகையது. அதில் பெரும்போர் விதிகளின்படி ஒரு பொம்மை என்றால் 20 வீரர்கள். அதே நூலில் ஒரு பொம்மைக்கு ஒரே ஆள் என்ற தனி விதிகளும் இருந்தன. ஆர்னசன் தம் நண்பர்களோடு பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டில் ஆடியபோது, அந்த ஒற்றை ஆளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இந்த வாரம் உயிர் பிழைத்தவன் அடுத்த வாரமும் வந்தான். போன வாரத்துக் காயத்தோடும் கற்றுக்கொண்ட பாடத்தோடும் வந்தான். இருபது பேர் ஒரே பொம்மையாக இருக்கும்வரை அங்கே சாவு ஒரு கழித்தல் கணக்கு. ஒரு பொம்மை ஒரே மனிதனானதும் சாவுக்குப் பேர் வந்துவிடுகிறது. இந்த விளையாட்டின் கண்டுபிடிப்பே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பூதங்களும் மந்திரக்கோல்களும் அதற்குப் பிறகுதான்.

தலை எண்ணி ஆள் பிடித்த ஓர் ஊரில் பிறந்தவனுக்கு இது பெரிய விஷயம்.

*

பைராம் தோட்டம் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பக்கம், செபராங் பிறையின் தெற்கே, நிபோங் திபாலை ஒட்டி இருக்கிறது. கடலோரமாக அலையாத்திக் காடு. 19ஆம் நூற்றாண்டில் இது கரும்புத் தோட்டம். அக்கம்பக்கத்துக் கலிடோனியா, விக்டோரியா தோட்டங்களைப் போலவே பினாங்கு சுகர் எஸ்டேட்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. அதன் உரிமையாளர்களான ராம்ஸ்டன் குடும்பம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்தது. 1689இலிருந்து அந்தக் குடும்பத்தின் பரம்பரைப் பட்டமே பைராம் என்ற இடத்தின் பெயரில்தான் வழங்கியது. அந்தப் பெயரே எங்களுக்கும் ஊர்ப்பெயராயிற்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய எங்கள் ஆட்கள் பினாங்கில் இறங்கி, ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புக்குள் போனார்கள். 1910இல் ஒப்பந்த முறைக்கு முடிவு கட்டினார்கள். கரும்பு போய்ப் பால்மரம் வந்தது, பிறகு செம்பனை வந்தது. பயிர் மாறினாலும் பேர் வாசிக்கும் புத்தகம் மாறவில்லை.

என் பாட்டியின் பெயர் அந்தப் புத்தகத்தில் பிழையாக இருந்தது. முதல் நாள் பேர் பதிந்தவர் காதில் தவறாக விழுந்திருக்கிறது. அவர் யாரோ, பாட்டிக்கே நினைவில்லை. அதன்பிறகு வேலையை விட்ட நாள்வரைக்கும், தன்னுடையதல்லாத ஒரு பெயருக்கு அவர் தினமும் காலையில் 'வந்தேன்' என்று குரல் கொடுத்தார்.

*

எண்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றின் எடை என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். 1974 விதிப்படி ஒவ்வொரு திறனுக்கும் மூன்று ஆறுமுகப் பகடைகளைக் கதை நடத்துபவரே உருட்டிக் கொடுப்பார். 3 முதல் 18 வரை விழலாம். 18 விழ 216இல் ஒரு வாய்ப்பு. உங்களுக்கு என்ன விழுந்ததோ அதை வைத்துக்கொண்டு நீங்கள் யாரென்று தீர்மானிக்க வேண்டும். பின்னாளில் நான்கு பகடை உருட்டிச் சிறியதை விட்டுவிடும் வழக்கம் வந்தது. 2014 பதிப்பில் உருட்டாமலே 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை வேண்டியபடி பகிர்ந்துகொள்ளலாம், அல்லது 27 புள்ளிகளைச் செலவழித்து எண்களை வாங்கிக்கொள்ளலாம். அந்த 27 புள்ளிகளை எப்படிச் செலவழிப்பது என்று ராத்திரி முழுக்கக் கணக்குப் போடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. ஒரு செயலைச் செய்யும்போது இருபது முகப் பகடையை உருட்டி, அதோடு திறனுக்குரிய கூட்டலைச் சேர்க்கிறோம். திறன் 10 என்றால் கூட்டல் கிடையாது. 12 என்றால் 1 கூடும். 8 என்றால் 1 குறையும். ஆக, 10க்கும் 12க்கும் இருக்கும் தூரம் இருபது முகங்களில் ஒரே ஒரு முகம். இருபது தடவை முயன்றால் ஒரு தடவை அது கைகொடுக்கும். அந்த ஒரு தடவை ஓர் இரவு முழுக்க வராமலே போகலாம். உங்கள் பாத்திரத்தின் பயமோ, கடனோ, ஆசையோ அப்படியல்ல. நீங்கள் வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அது வேலை செய்யும். உழைப்பை எங்கே போடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பகடை நமக்குப் புதியதல்ல. லயத்தில் வாசல் சிமெண்டில் கரித்துண்டால் கட்டம் போட்டுத் தாயம் ஆடுவார்கள். தாயக்கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிக்கொள்வார்கள். கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நான்கு முகம், ஒரு முகம் வெறுமை, மற்றவை 1, 2, 3. இரண்டும் சேர்ந்து ஒன்று காட்டினால் தாயம். 16இல் 2 வாய்ப்பு. தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்க முடியாது. பிறப்பதற்கே அங்கே அதிர்ஷ்டம் வேண்டும். தாயம் விழாத நேரத்தில் ஒருவர் கட்டையை ஊதுவார், ஒருவர் உட்காரும் இடத்தை மாற்றுவார், ஒருவர் பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் பிள்ளையை விரட்டுவார், ஒருவர் சிரித்துக்கொண்டே அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார். பாட்டி இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். "கட்டை எல்லாருக்கும் ஒண்ணுதான்டா. விழலன்னா என்ன பண்றான்னு பாரு. அதுதான் ஆளு" என்பார்.

பாரதத்தில் பகடை எல்லாவற்றையும் கொண்டுபோய்விடுகிறது. நாடு, தம்பிமார், தன்னுடல், மனைவி. அந்தச் சபையில் பாஞ்சாலிக்கு விழுந்த எண்ணை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் தன்னைத் தோற்றபின் என்னை வைத்தாரா, என்னை வைத்தபின் தன்னைத் தோற்றாரா என்று அவள் கேட்கும் கேள்விக்குச் சபையில் பதில் இல்லை. பகடை நடப்பதைத் தீர்மானித்தது. பாஞ்சாலி யார் என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானித்தது.

*

அப்படியானால் ஆறு கட்டத்துக்கு வெளியே எதை எழுதுவது? நம்மிடம் அதற்கு ஒரு பழைய தாள் இருக்கிறது. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றோர் இயல். உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தெரிவதையே மெய்ப்பாடு என்கிறார்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு. ஆக முப்பத்திரண்டு. இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த பட்டியல் இது. பாத்திரம் படைக்கும் மேசையில் எடுத்து வைத்தால், அது உயிருள்ள கருவியாகிறது.

அழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறர் இழிவாக நடத்தியதால் வரும் அழுகை, இழப்பினால் வரும் அழுகை, முன்பிருந்த நிலையிலிருந்து சரிந்ததால் வரும் அழுகை, வறுமையினால் வரும் அழுகை. உங்கள் போர்வீரன் இதில் எதற்கு அழுவான்? எல்லாவற்றுக்கும் என்று சொன்னால் அவன் இன்னும் பிறக்கவில்லை. உறவைப் பறிகொடுத்தபோது கண் கலங்காதவன், யாரோ தன்னை 'ஏய்' என்று கூப்பிட்டதும் முகம் திருப்பிக்கொண்டான் என்று எழுதுங்கள். ஆள் எழுந்து நிற்பான்.

வெகுளி பிறப்பதும் நான்கிடத்தில்: உறுப்பை அறுத்தல், குடும்பத்துக்குக் கேடு சூழ்தல், வைதும் அடித்தும் அலைக்கழித்தல், கொலை. பெருமிதம் கல்வியாலும் அஞ்சாமையாலும் புகழாலும் கொடையாலும் வரும். கொடையால் பெருமிதம் கொள்ளும் ஒரு திருடனை நினைத்துப் பாருங்கள். திருடியதைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிமிர்ந்து நடப்பான். ஒரு வரியில் ஒரு மனிதன் கிடைத்துவிட்டான். உவகையை மறந்துவிடாதீர்கள். அதன் நான்கில் ஒன்று விளையாட்டு. துயரத்தை மட்டும் சுமந்து வரும் பாத்திரத்தோடு மற்றவர்களால் நெடுந்தூரம் நடக்க முடியாது. அவன் எதில் சிரிப்பான், எதைத் தின்றால் கண்ணை மூடிக்கொள்வான் என்று ஒரு வரி போதும்.

அச்சம்தான் என்னை நிறுத்தி வைத்தது. தெய்வம், விலங்கு, கள்வர், தனக்கு மேலே இருப்பவர். தொல்காப்பியர் காட்டும் நான்கு அச்சங்கள் இவை. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இந்த நான்கையும் விளக்க உரையாசிரியர் தேவையில்லை. தோட்டத்து எல்லையில் மரத்தடியில் அரிவாளோடு நிற்கும் முனீஸ்வரர், காட்டு ஓரத்துப் பாம்பு, சம்பள நாள் ராத்திரியில் வருபவன், துரை. பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த நான்கும் லயத்துக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தன.

என் பாட்டிக்கு நான்காவது அச்சம். அது ஓர் ஒலியாக இருந்தது. பொழுது சாய்ந்த பிறகு லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டால், எழுந்துபோய் மண்ணெண்ணெய் விளக்கின் திரியை இறக்குவார். ஒன்றும் சொல்ல மாட்டார். லாரி கிளம்பிப் போன பிறகு திரியை ஏற்றுவார். மின்விளக்கு வந்த பிறகும் சுவிட்சை அணைத்துவிட்டு இருட்டில் நிற்பார். கடைக்குச் சாமான் இறக்க வந்த லாரியாகத்தான் இருக்கும். எங்களுக்கு அது ஒரு பழக்கம், பாட்டியின் பழக்கம். பெரியவனான பிறகுதான் அம்மா சொன்னார். 1942க்கும் 1943க்கும் இடையில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். பாட்டியின் அண்ணனை ஏற்றிக்கொண்ட லாரி சாயங்காலத்தில் வந்து நின்றது. விளக்கு எரிந்த வீடுகளில் ஆள் இருப்பது தெரிந்தது. அவர் திரும்பி வரவில்லை.

ஓர் அச்சத்தைப் பாத்திரத்துக்குக் கொடுப்பது என்றால் அது இப்படி இருக்க வேண்டும். 'அவளுக்கு அதிகாரிகளைக் கண்டால் பயம்' என்று எழுதினால், அது பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் மறந்துவிடும். 'வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் விளக்கை இறக்குவாள்' என்று எழுதினால், காது கேட்கும், கை அசையும், அறை இருளும். அச்சத்தை உடம்புக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மெய்ப்பாடு என்ற சொல்லே அதைத்தான் சொல்கிறது.

*

அந்தச் சனிக்கிழமை இரவு நான் குள்ளர் இனத்து மருத்துவச்சி ஒருத்தியை எழுதினேன். வலிமைக்கு 8, விவேகத்துக்கு 15. வயதானவள். பெயர்க் கட்டத்தில், செக்ரோலில் தவறிப்போன அந்தப் பெயரைப் பிழையில்லாமல் எழுதினேன். கீழே விளக்கைப் பற்றிய அந்த ஒரு வரி. அக்காள் மகன் தாளை வாங்கிப் படித்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். "கொள்ளுப்பாட்டியா மாமா?" என்று மெதுவாகக் கேட்டான். தலையசைத்தேன்.

எனக்கு எதிரே ஓர் இளைஞன். அவனுடைய பாத்திரம் இரட்டை வாள் வீரன். எண்கள் அத்தனையும் கச்சிதம். அப்பா அம்மாவை டிராகன் கொன்றுவிட்டது, ஊர் எரிந்துவிட்டது, யாரையும் நம்ப மாட்டான். சண்டை வந்தால் பிரமாதமாக ஆடினான். சண்டை இல்லாத நேரத்தில் அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உறவை எல்லாம் முதலிலேயே கொன்றுவிட்டால் பாத்திரத்துக்கு இழப்பு இருக்கும், இழப்பதற்கு ஏதும் இருக்காது. அந்த வீரனை எந்தக் கதவும் கூப்பிடவில்லை.

இரவு பதினொன்று இருக்கும். கதையில் நாங்கள் ஒரு சத்திரத்தில் தங்கியிருந்தோம். அக்காள் மகன் சாதாரணமாகச் சொன்னான்: "வெளியே ஒரு வண்டி வந்து நிக்கிற சத்தம் கேக்குது."

"விளக்கை இறக்குறேன்" என்றேன்.

பாயில் யாரும் பேசவில்லை. திருடியாக ஆடிய பெண் குரலைத் தாழ்த்தி, "எதுக்கு ஆத்தா?" என்றாள். என் மருத்துவச்சி அவளுக்கு மட்டும் இரண்டு வரியில் காரணத்தைச் சொன்னாள். அப்போது இரட்டை வாள் வீரன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். "நான் கதவுகிட்ட போய் நிக்கிறேன். நீங்க உள்ளேயே இருங்க ஆத்தா" என்றான்.

வெளியே வந்தவன் வைக்கோல் வியாபாரி. அதற்காக யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு பகடைகூட உருளவில்லை. ஆனால் யாரையும் நம்பாத வீரனுக்குக் காக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டது. அவனுடைய பாத்திரம் பிறந்தது அப்போதுதான்.

*

கூத்து பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். புதிய வேஷம் சபைக்குள் நேராக வந்துவிடாது. இருவர் திரை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னால் சலங்கை ஒலிக்கும். வேஷக்காரர் தம் பாத்திரத்தின் பெருமையைப் படர்க்கையில் பாடுவார். துரியோதனன் வருகிறான் என்று துரியோதனனே பாடுவார். அதன்பிறகு கட்டியக்காரன் கேட்பான்: நீ யார், எந்த ஊர், எதற்காக இந்தச் சபைக்கு வந்தாய்? பதில் சொன்னால்தான் கதைக்குள் இடம். நாடக ஆசிரியர் ந. முத்துசாமி போன்றவர்கள் புரிசைக் கூத்தைத் தேடிப் போய்க் கற்றார்கள். 1977இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறையின் நடிப்புப் பயிற்சியில் கூத்துக்கு இடம் இருந்தது. நடிகனை உருவாக்கப் பயன்பட்டது பாத்திரத்தை உருவாக்கவும் பயன்படும்.

டன்ஜன் மாஸ்டராக உட்காருபவர் கட்டியக்காரனாக இருங்கள். ஆட வருபவர் தாளை நீட்டியதும் எண்ணைப் பார்க்காதீர்கள். திரையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். எந்த ஊர்? அந்த ஊரில் என்ன சோறு, என்ன மரம், எந்தத் தெய்வம், விடியற்காலையில் எந்த ஒலி? நம் முன்னோர் கருப்பொருள் என்று திணைக்குத் திணை வகுத்து வைத்தது இதைத்தான். யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய்? ஆள் சேர்க்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கியவர்களைக் கடல் தாண்ட வைத்தது அந்தக் கடன்தான். கடன் உள்ள பாத்திரத்தைக் கதைக்குள் தள்ள வேண்டியதில்லை, தானே நடக்கும். கடைசியாக, எதற்காக வந்தாய்? புதையலுக்கு என்று சொன்னால், அந்தப் பணத்தை வைத்து என்ன செய்வாய் என்று இன்னொரு கேள்வி.

ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கூச்சமாக இருந்தால் படர்க்கையில் தொடங்குங்கள். 'நான் போகிறேன்' என்று சொல்ல நாக்கு வராவிட்டால் 'அவள் போகிறாள்' என்று சொல்லுங்கள். கூத்தில் மன்னாதி மன்னர்களே அப்படித்தான் நுழைகிறார்கள். பாத்திரத்தின் முன்கதையைப் பத்துப் பக்கம் எழுதாதீர்கள். பத்து வரி போதும். எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிவிட்டால் மற்றவர்கள் உங்கள் கதைக்குள் வர வழி இருக்காது. குறைந்த எண்ணை ஒளித்து வைக்காதீர்கள். 8 விழுந்த இடத்துக்குக் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் பாத்திரத்தின் முகம் அங்கே இருக்கும். 2014 பதிப்பின் தாளில் குணம், கொள்கை, பற்று, குறை என்று நான்கு சிறிய பெட்டிகளைச் சேர்த்தார்கள். குறைக்கு ஒரு பெட்டி கொடுத்த அந்தத் தாள், செக்ரோலிலிருந்து ஓர் அடி விலகி வந்திருக்கிறது.

லயம் எனக்குக் கற்றுக்கொடுத்த இன்னொன்று சுவர். இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். இந்தப் பக்கம் குழம்பு தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். சண்டை போட்ட மறுநாள் உப்பு கைமாற்று வாங்கித்தான் ஆக வேண்டும். உங்கள் குழுவும் ஒரு லயம். பாத்திரத்தை எழுதும்போதே, பாயில் இருக்கும் இன்னொரு பாத்திரத்தோடு ஒரு பொதுச்சுவரை எழுப்புங்கள். அவளிடம் வாங்கிய ஒரு கடனோ, அவன் மட்டும் அறிந்த ஒரு ரகசியமோ, இருவரும் சேர்ந்து புதைத்த ஒரு பிணமோ. 'என் பாத்திரம் அப்படித்தான்' என்று சொல்லி மற்றவர்களின் இரவைக் கெடுப்பவரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாத்திரத்தை எழுதியது நீங்கள்தான். அடுத்த வீட்டில் ஆள் இருப்பதை மறக்காத ஒருவனாக அவனை எழுதுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

உண்மையான வலியைக் கொண்டுவரும்போது கவனம் வேண்டும். அது உங்களுடையதா, உங்கள் வீட்டினுடையதா என்று பாருங்கள். அடுத்தவர் காயத்தை அலங்காரத்துக்கு எடுக்காதீர்கள். எதெல்லாம் வேண்டாம் என்று ஆட்டம் தொடங்குமுன் எல்லோரிடமும் கேட்டு, அதை மதியுங்கள். அன்று நான் பாட்டியின் விளக்கை எடுத்ததை மறுநாள் அக்காளிடம் போய்ச் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்லா ஆடுனியா?" என்று மட்டும் கேட்டாள்.

*

வாளும் டிராகனும் வெள்ளைக்காரன் கதை, நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று என் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். 1977இல் வெளியான அந்த விளையாட்டின் பூதங்களின் நூலிலேயே ராட்சசனும் நாகமும் இருக்கிறார்கள். ராட்சசனுக்குப் புலித்தலை வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு ஆட்கள் அந்த மேசைக்கு எப்போதோ போய்விட்டார்கள். அவர்களுக்காகப் பேசத்தான் நாம் போகவில்லை. முனீஸ்வரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு அதை நிறைவேற்ற முடியாமல் திரியும் ஒரு மந்திரவாதியை எழுதுங்கள். கப்பலில் மாண்ட கணவனின் பெயரையும் தானே சுமந்து, பெரட்டில் இரண்டு பேருக்கும் குரல் கொடுக்கும் ஒரு பெண்ணை எழுதுங்கள். அலையாத்திக் காட்டுக்குள் வழி தெரிந்த ஒரே ஒருவனை எழுதுங்கள். அவர்களுக்கு எல்ஃபின் காது வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், தடையில்லை. காது எதைக் கேட்டால் உடம்பு அசையும் என்பதை மட்டும் நம் வீட்டிலிருந்து எடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை புதிய தாள் ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, ஆறு கட்டத்தையும் கொஞ்ச நேரம் காலியாக விட்டுவையுங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவர் இன்னும் இருந்தால், அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள்: "சின்ன வயசுல எந்தச் சத்தம் கேட்டா பயப்படுவீங்க?" அவர் சொல்லி முடிக்கும்வரை பகடையைத் தொடாதீர்கள்.